சுவர் பிடித்துக்கொண்ட சீப்பு

மரம் வெட்ட ஆள் வரவேண்டிய அன்று காலையில், சலவைக் கடையின் தேய்ப்பு அறையில் ஒரு சீப்புக்காகச் சண்டை மூண்டது.

"எவன் பண்ண வேலை இது? தைரியம் இருந்தா முன்னால வரட்டும்!"

கத்தியவன் பெயரே சீப்புதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவனுக்கே பாதி மறந்திருக்கும். அந்தக் கடையில் இஸ்திரி போடுகிறவன். தலையில் மிஞ்சியிருந்தது நாலு முடி. அந்த நாலு முடியையும் ஒவ்வொரு சட்டை தேய்த்து முடித்ததும் ஒரு தடவை வாரிக்கொள்வான். அதற்கென்று கெட்டியான கறுப்புச் சீப்பு ஒன்று வைத்திருந்தான். அதை வைக்க அவன் கண்டுபிடித்த இடம்தான் வேடிக்கை. பின்சுவரில், ஜன்னல் மூலையில் தொடங்கி மேல்தளத்தை நோக்கிச் சாய்வாக ஓடிய விரிசல். வீடே அந்த விரிசலைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்க, இவன் மட்டும் அதில் சீப்பைச் செருகி வைத்திருந்தான். கைக்கு எட்டும் உயரம், நல்ல வாகு, மேஜையில் கிடந்து சூடு படவும் வழியில்லை என்று காரணம் வேறு சொல்வான்.

இன்றைக்கு அந்தச் சீப்பு வெளியே வரவில்லை. இழுத்தான், ஆட்டினான், மேஜை மேல் ஒரு காலை வைத்து மல்லுக்கட்டினான். அது அசைந்து கொடுக்கவில்லை.

"அக்கா, நீங்களே வந்து பாருங்க. ஆணி அறையற மாதிரி சுத்தியலால அறைஞ்சு வெச்சிருக்காங்க. என் முடி மேல ஊருக்கே பொறாமை."

"ஆமா, கொட்டிக் கிடக்குது பாரு, பொறாமைப்பட" என்று சொல்லிக்கொண்டே அக்கா வந்தாள்.

அந்தக் கடைக்கும் அதன் மேல்மாடியில் இருந்த வீட்டுக்கும் அவள்தான் எல்லாம். தெருவே அவளை அக்கா என்று கூப்பிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் அதை மறுத்ததில்லை. அன்றைக்கு அவளுக்கு மனசு சரியில்லை. இரவு முழுக்கத் தூக்கம் பிடிக்காமல் புரண்டுவிட்டு, கடை திறந்ததும் யார் மேலாவது எரிந்துவிழக் காத்திருந்தாள். சீப்பு தானாக வந்து மாட்டினான்.

"வேலை நேரத்துல என்னடா கூத்து? நகரு" என்று அவனைத் தள்ளிவிட்டுத் தானே இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அப்புறம் சீப்புக்குப் பக்கத்தில் விரிசலில் சுண்டுவிரலை வைத்தாள். அந்த விரல் அங்கே பழக்கப்பட்டது. பத்து நாளைக்கு முன்னால்கூட நகம் வரைக்கும் உள்ளே போன விரல், இன்று நுனியோடு நின்றுவிட்டது.

சீப்பை யாரும் அறையவில்லை. சுவர்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

அக்கா விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். சீப்பு பயந்துபோனான். திட்டுவதற்கு வாயைத் திறந்த அக்கா திட்டாமல் நின்றதை அவன் அதுவரை பார்த்ததில்லை.

அந்த மரத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போனால் இது விளங்காது.

சலவைக் கடையில் துணி வந்ததும் முதல் வேலை, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துத் தட்டுவது. அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலையும் அதுதான். பஸ் டிக்கெட், பல்குத்தும் குச்சி, உடைந்த பொத்தான், அழுக்குக் கைக்குட்டை, எல்லாம் வரும். ஒருநாள் யாரோ ஒருவருடைய கால்சட்டைப் பாக்கெட்டிலிருந்து மணலோடு ஒரு விதை வந்தது. ஜன்னல் வழியாகப் பின்முற்றத்தில் வீசினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அந்தக் கால்சட்டைக்காரர் யார், எந்த ஊரில் எந்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வந்தார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். முளைத்து வளர்ந்த மரத்தின் பெயரும் யாருக்கும் தெரியவில்லை. பாக்கெட் மரம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

வீசியது அவள். வளர்த்தது யார் என்று கேட்டால், நியாயமாகப் பின்வீட்டுக்காரியைத்தான் சொல்ல வேண்டும். சலவைத் தண்ணீர் மொத்தமும் சந்துச் சாக்கடையில் போய், அது நிரம்பி, அவள் வாசலில் ஏறும். அந்த அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் தெருநாய்கூடத் தெரு மாறிப் போகும். அவள் வாய்க்குப் பயந்து அக்காவின் புருஷன் ஒரு வழி செய்தார். சோப்புத் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டார். கடைசியாக அலசுகிற தண்ணீர் ஓரளவு சுத்தமாக இருப்பதால், உடைந்த ஓடுகளை வரிசையாகப் பதித்துச் சின்ன வாய்க்கால் கட்டி, அதைப் பின்முற்றத்துக்குத் திருப்பினார். வாய்க்கால் முடிந்த இடத்தில் அந்த நாற்று நின்றது. அன்றிலிருந்து தினமும் அதற்கு அலசல் தண்ணீர்.

குடித்தது, வளர்ந்தது. வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்தது. கொடிக் கம்பி கட்ட அடித்த கொக்கியை மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டது. துணி மேல் இலை உதிர்க்கிற கிளையை வெட்டுவார்கள். அது வேறு பக்கம் கிளை விடும். வெட்டி வெட்டியே கூரை மாதிரி ஒரு மரத்தை இவர்கள் செய்துவிட்டார்கள். அந்த மரம் இவர்களை என்ன செய்தது என்று இவர்கள் யோசித்ததில்லை. வெள்ளைத் துணி முற்றத்து ஓரத்து வெயிலில், நிறத் துணி மர நிழலில் என்பது அந்த வீட்டில் யாரும் சட்டமாகப் போடாத சட்டம். "அக்கா கடையில போட்டா சாயமே போகாது" என்று நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்து பட்டுத்துணி கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா அது தன் கைராசி என்று நினைத்தாள். யாராவது புகழ்ந்தால் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். நிழலுக்கு அதில் ஒரு பங்கும் கொடுத்ததில்லை.

போன வருஷம் புது மெஷின் வாங்கினார்கள். நல்ல எண்ணத்தில்தான். துணி தூக்கித் தூக்கி மாமாவுக்கு முதுகு போயிருந்தது. மாமா என்பது அக்காவின் புருஷன்தான். அக்கா எல்லோருக்கும் அக்கா ஆனதால் அவர் எல்லோருக்கும் மாமா. மெஷின் பூட்ட வந்தவன், "தண்ணியெல்லாம் எங்க விடணும்?" என்று கேட்டான். சந்தில் அப்போதுதான் பெரிய குழாய்ச் சாக்கடை போட்டிருந்தார்கள். "எல்லாத்தையும் அதுலயே விட்டுரு, சனியன் விட்டுது" என்று அக்கா சொன்னாள். வாய்க்காலில் தூசி படிந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, மாமாவைத் தவிர. மாமா கவனிப்பார், வாய் திறந்து சொல்லத்தான் மாட்டார்.

கோடை வந்தது. பின்சுவர் வெடித்தது.

முதலில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. பிறகு விரல் போகும் அளவு. மேலே வீடு, கீழே கடை. அந்தச் சுவர் போனால் இரண்டும் போகும். அக்கா காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் போய் விரலை வைத்துப் பார்ப்பாள். கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் கொத்தனாராக இருந்து, வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரியாக ஆனவன். சுவரைத் தட்டினான், ஜன்னல் வழியே பின்னால் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணி, வேர் அஸ்திவாரத்துல பூந்திருச்சு. ஒண்ணு மரம் இருக்கணும், இல்ல வீடு இருக்கணும்."

"வெட்டிரு" என்றாள் அக்கா.

அவள் சுபாவம் அது. முடிவெடுக்கும் முன்னால் யோசிக்க மாட்டாள். எடுத்த பின்னால் உட்கார்ந்து யோசிப்பாள். நாள் குறித்ததும் விரிசலில் விரல் வைத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். மரத்துக்கு முதுகைக் காட்டியே துணி உலர்த்தினாள்.

இப்போது விரிசலிலிருந்து விரலை எடுத்தவள், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பின்முற்றத்தில் ஓட்டு வாய்க்கால் ஈரமாகப் பளபளத்தது.

"டேய் சீப்பு, மழை ஏதாவது பெஞ்சுதா?"

"மழையா? வானம் வெளுத்த வேட்டி மாதிரி இருக்கு. கனவு கண்டீங்களா?"

அவள் பின்பக்கம் ஓடினாள். மாமா மெஷினின் கழிவுக் குழாயைச் சாக்கடையிலிருந்து உருவி, ஒரு பழைய ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியை வாய்க்காலில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் திருட்டுத்தனமாகக் குழாயை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். தண்ணீர் அவர் வேட்டியிலேயே கொட்டியது.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"எத்தனை நாளா இந்த ஒண்ணும் இல்ல?"

மாமா தரையைப் பார்த்தார். "நீ வெட்டச் சொன்ன அன்னையிலருந்து. போகப் போற உசுரு. தண்ணி இல்லாம ரொம்ப வாடிப் போச்சு. போறவரைக்கும் வயிறாரக் குடிக்கட்டுமேன்னு..." ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே அவருக்கு ஒரு வருஷத்துப் பேச்சு.

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ திட்டுவ."

திட்டியிருப்பாள். அது அவளுக்கும் தெரியும். அக்கா அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு முழுசாக விளங்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் விளங்கியது. மரத்துக்குத் தண்ணீர் நின்றபோது சுவர் வெடித்தது. இவர் தண்ணீர் விட்டபோது சுவர் மூடுகிறது.

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கொழுந்தனும் மரம் அறுப்பவரும் வந்து இறங்கினார்கள். அறுப்பவர் ஒல்லியான ஆள். தோளில் கயிறு, கையில் எஞ்சின் ரம்பம். மரத்தைச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

"வெட்ட வேண்டாம்" என்றாள் அக்கா.

கொழுந்தன் சிரித்தான். "என்ன அண்ணி, காலங்காத்தால விளையாட்டு? ஆளைக் கூட்டிட்டு வந்தாச்சு."

"சுவரு மூடுது. வந்து பாரு."

"விரிசல் எங்கயாவது தானா மூடுமா? அது என்ன, புண்ணா?"

"மூடுது மேஸ்திரி. என் சீப்பை விழுங்கிருச்சு" என்றான் சீப்பு, துக்க வீட்டுக் குரலில்.

கொழுந்தன் உள்ளே போனான். சீப்பை இழுத்துப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து விரிசலில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோனது. அவனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. வாயால் எவ்வளவு அளந்தாலும், மண்ணையும் சுவரையும் கண்ணால் பார்த்துவிட்டால் அதற்கு எதிராகப் பேச மாட்டான். "ஒரு கடப்பாரை குடுங்க" என்றான்.

சுவரோரமாக இரண்டு இடத்தில் தோண்டினான். வாய்க்காலுக்கு எட்டாத மூலையில் முதலில். அந்தக் களிமண் வறண்டு, பாளம் பாளமாக வெடித்து, சுவரின் அடியைவிட்டே விலகியிருந்தது. இடைவெளியில் அவன் கை உள்ளே போனது. பிறகு வாய்க்கால் பக்கம் தோண்டினான். அங்கே மண் புட்டுக்குப் பிசைந்த மாவு மாதிரி ஈரமாக, அஸ்திவாரத்தோடு நெருங்கி ஒட்டியிருந்தது. இரண்டு குழியிலும் மெல்லிய வேர்கள்தான் இருந்தன. அஸ்திவாரத்துக்குள் பூந்த பெரிய வேர் என்று ஒன்றையும் காணோம்.

கொழுந்தன் குழிக்குள் குந்தியபடியே இரண்டு குழி மண்ணிலும் ஒரு கை அள்ளினான். பிறகு இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தான்.

"அண்ணி, நான் சொன்னது தப்பு. வேரு சுவரை இடிக்கல. இது காய்ஞ்சா சுருங்குற மண்ணு, நனைஞ்சா ஊதுற மண்ணு. இத்தனை வருஷமா நீங்க ஊத்தினீங்க, மரம் குடிச்சுது. கூடவும் இல்ல, குறையவும் இல்ல, மண்ணு ஒரே அளவுல நின்னுச்சு. அதுமேல வீடும் நின்னுச்சு. நீங்க நிறுத்திட்டீங்க. மரம் என்ன பண்ணும்? மண்ணுல இருந்த ஈரத்தை உறிஞ்சிருச்சு. மண்ணு சுருங்கி மூலை இறங்கிருச்சு."

"அப்போ வெட்டியிருந்தா?" என்று கேட்டாள் அக்கா.

பதில் சொன்னது மரம் அறுப்பவர். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"வெட்டிட்டுப் போயிருவேன்மா. அடுத்த மழைக்கு வீட்டுக்காரங்க போன் பண்ணித் திட்டுவாங்க. தரை தூக்கிருச்சு, கதவு சாத்த முடியலன்னு. எனக்கு என்னம்மா தெரியும்? மேஸ்திரியக் கேளுங்கன்னு வெச்சிருவேன்."

"எங்கிட்டயும் வருவாங்க" என்றான் கொழுந்தன். "மரம் வெட்டினவனைக் கேளுங்கன்னு நான் அனுப்பிருவேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அறுப்பவர் சிரித்தார். பிறகு கொழுந்தன் சிரித்தான். குடிக்க மரம் இல்லாமல் மழைத் தண்ணீர் முழுக்க மண்ணில் தங்கி, அது ஊதித் தரையைத் தூக்கும் என்று அவனே அக்காவுக்கு விளக்கினான். சொல்லும்போதே அவனுக்கு வியர்த்தது. தன் அண்ணன் வீட்டை இன்றைக்குத் தன் கையால் கெடுத்திருப்போம் என்ற பயம்.

அக்கா எழுந்து மரத்திடம் போனாள். அடிமரத்தில் கை வைத்தாள். கொக்கியை விழுங்கிய இடம் உதடு குவித்த மாதிரி புடைத்திருந்தது. பாக்கெட்டைத் தட்டியபோது விழுந்த குப்பை என்று ஜன்னலுக்கு வெளியே எறிந்த விதை. ஒருநாளும் அதற்கென்று ஒரு செம்புத் தண்ணீர் அவள் மொண்டு ஊற்றியதில்லை. வேண்டாத தண்ணீரைத்தான் விட்டாள். அதைக் குடித்துவிட்டு அது வீட்டைத் தாங்கியது. அவள் கைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. தன்னால் வீடு விழுகிறது என்ற பழியையும் வாய் பேசாமல் வாங்கிக்கொண்டது.

"நல்லா இரு" என்றாள் மரத்திடம். "நீ நல்லா இரு சாமி."

பிறகு திரும்பி, ஈர வேட்டியோடு நின்ற மாமாவைப் பார்த்து, நாலு பேர் முன்னாலேயே, "நீங்களும்தான்" என்றாள். மாமாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குழாயைப் பார்த்தார்.

ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிடவில்லை. வறண்ட மூலைப் பக்கத்துப் பெரிய கிளை ஒன்று ஏற்கெனவே பட்டுப் போயிருந்தது. அறுப்பவர் வந்ததற்கு அதை மட்டும் இறக்கிக் கொடுத்தார். அந்த இடத்தில் இப்போது வெயில் நேராக விழுகிறது. அங்கே நிறத் துணி போடுவதில்லை. மாமா வாய்க்காலை இரண்டாகப் பிரித்து அந்த மூலை வரைக்கும் நீட்டினார். மெஷினைச் சரிபார்க்க வந்தவன், "குழாய் தப்பான இடத்துல இருக்கு, இதைச் சாக்கடையில விடணும்" என்றான். "அது சரியான இடத்துக்குத்தான் போகுது, நீ உன் வேலையப் பாரு" என்று அக்கா அனுப்பிவிட்டாள். பின்வீட்டு அம்மாளுக்கும் விஷயம் தெரிந்துபோனது. அக்காவே போய்ச் சொன்னாள். "அன்னைக்கு நீங்க அவ்வளவு திட்டலைன்னா, இந்த மரமே இல்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச வாய் வரவில்லை. மறுநாளிலிருந்து காய்கறி கழுவிய தண்ணீரை வேலிக்கு இந்தப் பக்கம் ஊற்ற ஆரம்பித்தாள். நடுவிலே ஒரு வேலிதானே, என் சுவரும் அதே மண்ணில்தானே நிற்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

விரிசலை உடனே பூச வேண்டாம் என்று கொழுந்தன் சொல்லிவிட்டான். மண் அமரட்டும், ஒரு கோடை தாண்டட்டும் என்றான். சீப்பை உடைத்து எடுக்கவும் அவன் விடவில்லை. "அது இருக்கட்டும். தினம் இழுத்துப் பாரு. ஆடினா தண்ணி பத்தலைன்னு அர்த்தம்."

சீப்புக்கு அன்றிலிருந்து ஒரு பதவி வந்துவிட்டது. புதுச் சீப்பு ஒன்று வாங்கிக்கொண்டான். காலையில் வந்ததும் இஸ்திரிப் பெட்டியைச் சூடேறப் போட்டுவிட்டு, புதுச் சீப்பால் நாலு முடியையும் வாரிக்கொண்டு, சுவரிடம் போய்ப் பழைய சீப்பை இழுத்துப் பார்ப்பான். பிறகு முன்கடைக்குக் கேட்கும்படி குரல் கொடுப்பான்.

"அக்கா, வரல!"

அடுத்த கோடை முந்தையதைவிடக் கொடுமையாக வந்தது. தெருவில் தார் இளகியது. ஒருநாள் காலையில், "அக்கா, லேசா ஆடுது" என்றான். குரலில் விளையாட்டு இல்லை. மாமா அதற்குள் குழாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று அக்கா ஒவ்வொரு ஈட்டுத் துணியையும் இன்னும் ஒரு முறை அலசச் சொன்னாள். துணி அதுவரை அவ்வளவு சுத்தமாக வெளுத்ததில்லை. பின்வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. மறுநாளும் ஆடியது. அதற்கு மறுநாளும். அக்கா மறுபடியும் முகம் கழுவுவதற்கு முன்னால் சுவரிடம் போகத் தொடங்கினாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை. முன்கடையில் துணி போட ஒரு அம்மாள் வந்திருந்தாள். அக்கா ஒரு கால்சட்டையின் பாக்கெட்டை வெளியே இழுத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மேஜை நகரும் சத்தம் கேட்டது. மூச்சு முட்ட இழுக்கிற முனகல் கேட்டது. பிறகு சீப்பின் குரல் கூரையைப் பிளந்தது.

"அக்கா! வரல! ரெண்டு கையால இழுத்தும் வரல!"

அக்காவின் கை பாக்கெட்டிலேயே நின்றது. கண் நிறைந்துவிட்டது. பின்னாலிருந்து மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் சத்தமாகச் சிரித்து அவள் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

வந்திருந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு வரலையாம்?" என்று கவலையோடு கேட்டாள்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வீடு நிக்குதுன்னு சொல்றான்" என்றாள்.